தலைப்புக்கு மேல் எவ்வளவு இடம்

பிரிஜாவுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் கடைசியில் ஒரு திருவிழா நோட்டீஸில் வந்து நின்றது.

புதுக்கடையில் அச்சகம் வைத்திருக்கும் ராஜமணியிடம் வேலை கேட்டுப் போனபோது, அவர் ஒன்றும் பிடிகொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பதற்றத்தில், தன் ஊர்த் திருவிழா நோட்டீஸை இந்த வருடம் தான்தான் டைப் செய்வதாக அவள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அந்த பைலே பரீச்சையா இருக்கட்டு," என்றார். "நான் பைலத் தொறப்பேன், பாப்பேன், பிரிண்டுக்குக் குடுப்பேன். நடுவுல என்னய மவுசத் தொட வச்சியோ, நீ கம்ப்யூட்டர் கிளாஸ முடிச்சிட்டு அடுத்த வருசம் வா."

அடுத்த வருடம் என்பது பிரிஜாவின் வீட்டில் கிடையாது. இந்த வேலை அமையாவிட்டால் சென்னையில் சித்தி வீட்டில் தங்கி வேலை தேட வேண்டும் என்று அம்மா ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள். சித்தி நல்லவள்தான். ஆனால் முற்றுப்புள்ளி வைக்காமல் பேசுகிறவள். அவளோடு ஒரே அறையில் ஒரு மாதம் இருந்து வந்த அண்ணன் பெனின், ஊருக்கு வந்தும் சில நாள் யாருடனும் பேசவில்லை.

பிரிஜா எதையும் வரிசையாகச் செய்கிறவள். செய்து முடித்த பிறகு, சரியாகத்தான் செய்தோமா என்று முதலிலிருந்து பார்க்கிறவள். பார்த்த பிறகு, சரியாகப் பார்த்தோமா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. நோட்டீஸையும் அப்படித்தான் அடித்தாள். ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் என்டர் பொத்தானை மூன்று தடவை தட்டினாள், பின்னால் இரண்டு தடவை. ஓரோர் இடத்தில் எண்ணிக்கை மறந்து, போதாதோ என்று இன்னொன்றும் தட்டினாள்.

அவளுடைய ஊர் இனயத்தை அடுத்துள்ள கடற்கரை ஊர்களில் ஒன்று. ஊரைப் பத்து அன்பியங்களாகப் பிரித்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீடுகள் கூடி ஜெபம் சொல்லும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். திருவிழாவின் பத்து நாளில் ஓர் அன்பியத்துக்கு ஒரு நாள். நோட்டீஸில் அந்த நாளின் கீழ் அன்பியத்தின் பெயர் தலைப்பாக வரும். அதன் கீழே குடும்பங்களின் பெயர்கள். போன வருடம் வரை ஒரே பெரிய தாளில் பத்துக் கட்டம் போட்டு அடித்தார்கள். கட்டத்துக்குள் இருந்தவரை யாரும் யாரையும் இடிக்கவில்லை. இந்த வருடம், கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையின் செயலாளர் கபிரியேல், புத்தகமாக அடித்தால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். அங்கே தொடங்கியது வினை.

முதல் நகல்களை அவள் பேரவைக் கூட்டத்தில் கொடுத்தாள். கோயிலை ஒட்டிய சிறு அறை. மாலை ஜெபம் முடிந்து எல்லாரும் வந்திருந்தார்கள். யாரும் எழுத்துப் பிழை பார்க்கவில்லை. நாலாம் நாளுக்குப் பொறுப்பான ஆன்ட்ரூஸ், இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், தாளை மேசையில் விரித்துச் சுட்டுவிரலைப் படுக்கப் போட்டு அளந்தார்.

"ஏட்டி பிரிஜா, எனக்க அன்பியத்துக்கு மேல ஒரு வெரலு எடம். ரீத்தாக்க அன்பியத்துக்கு மேல ஒண்ணர வெரலு. இது என்ன கணக்கு?"

ஐந்தாம் நாள் ரீத்தாவுடையது. அவள் தன் நகலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஒமக்க வெரலு தடிச்ச வெரலு அண்ணே. மெலிஞ்ச ஆளக் கொண்டு அளக்கணும்."

எட்டாம் நாளுக்காரரான ஜெபதாஸின் குறை வேறு. அவருடைய அன்பியத்தின் பெயர் ஒரு பக்கத்தின் கடைசி வரியில் விழுந்திருந்தது. குடும்பங்கள் எல்லாம் அடுத்த பக்கத்தில்.

"கொடி இஞ்ச நிக்குது, ஆளெல்லாம் அங்க நிக்காவ," என்றார் அவர் மெதுவாக. "கொடியப் பிடிச்சிருக்கது யாரு மக்களே, பேயா?"

அப்போதுதான் பிரிஜாவுக்கு உறைத்தது. இவர்கள் நோட்டீஸ் படிக்கவில்லை. தேர்ப்பவனி பார்க்கிறார்கள்.

கடைசி நாள் தேருக்கு முன்னால் ஒவ்வோர் அன்பியமும் தன் பட்டுக்கொடியோடு நடக்கும். முன்னே போகும் அன்பியத்தின் கடைசி ஆளுக்கும் பின்னே வரும் கொடிக்கும் நடுவில் ஒரு வள்ளத்தை இழுத்து வைக்கிற அளவுக்கு இடம் விட வேண்டும். இடம் குறைந்தால், பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிறவர்களுக்கு வால் என்று அர்த்தம். ஒரு வருடம் மழைக்குப் பயந்து நெருங்கி நடந்துவிட்டதற்காக இரண்டு தெருக்காரர்கள் அடுத்த திருவிழா வரை ஒருவர் வலையை ஒருவர் தொடவில்லை. தலைப்புகளையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தான் எதைத்தான் சரியாக யோசித்திருக்கிறோம் என்று அன்று வீடு போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

மறுநாள் உட்கார்ந்து என்டர்களை எண்ணிச் சரிசெய்தாள். ஜெபதாஸின் கொடியை இரண்டு என்டர் தட்டி அடுத்த பக்கத்துக்கு, அதன் ஆட்களிடம் தள்ளிவிட்டாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அப்போது கபிரியேலிடமிருந்து குரல் செய்தி வந்தது: இரண்டாம் நாளில் குவைத்தில் இருக்கிற பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்க வேண்டும், ஒன்பது பேர்.

ஒன்பது பெயரும் உள்ளே நுழைந்ததும் கீழே இருந்தவை எல்லாம் நகர்ந்தன. ஜெபதாஸுக்காகத் தட்டிய என்டர்கள் இப்போது பக்கத்தின் நடுவில் வந்து, ஏதோ பல் விழுந்த வாய்போல் நின்றன. ரீத்தாவின் கொடி பக்கத்தின் அடியில் தனியாக நின்றது. பிரிஜா இரண்டாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை திரும்ப எண்ணினாள். முடிந்ததும் பஹ்ரைன் வந்தது. பஹ்ரைனைச் சேர்த்து முடித்ததும், குவைத்தில் ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார், அவரை உள்ளூரில் போட வேண்டும் என்று சொன்னார்கள்.

"வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் ஒரு வாரம் அனங்காம இருந்தா போதும்," என்றாள் பிரிஜா.

"நீ சென்னைக்குப் போனா அனக்கமே இருக்காது," என்றாள் அம்மா. அது ஆறுதலா மிரட்டலா என்று தெரியவில்லை.

அவள் கணினி படிக்கும் மாலை வகுப்பு புதுக்கடைச் சந்திப்பில், மிக்ஸி பழுது பார்க்கும் கடைக்கு மாடியில். கீழே யாராவது மிக்ஸியை ஓட்டிப் பார்த்தால் மேலே பாடம் நிற்கும். சொல்லிக்கொடுக்கும் ஷைஜாவுக்குப் பிரிஜாவைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. பிரிஜா லேப்டாப்பைத் திறந்து நோட்டீஸைக் காட்டினாள். ஷைஜா ஒரு பொத்தானை அழுத்தினாள். பத்தி முடிகிற இடங்களைக் காட்டும் குறிகள் திரை முழுக்க, சாளை மீன் கூடையில் ஈ மொய்ப்பதுபோல், கிளம்பின.

"இது என்னட்டி, ஒண்ணுமே எழுதாம இவ்வளவு பத்தி?"

"எடம் விட்டதாக்கும், டீச்சர்."

"எடம் விடுகதுக்கு ஆள நிறுத்துவாவளா? ஓரோ என்டரும் ஓரோ பத்தி கேட்டியா. நீ பாத்தா அங்க காலியாட்டு இருக்கு. ஆனா மூணு பேரு நிக்காவ. மொகம் மட்டும் இல்ல."

கீழே மிக்ஸி ஓடியது. இருவரும் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் பிரிஜா தன் நோட்டீஸைப் பார்த்தாள். பவனியில் முகமில்லாத எத்தனை பேரை இவள் நடக்கவிட்டிருக்கிறாள்.

மிக்ஸி நின்றதும் ஷைஜா பத்தி அமைப்புப் பெட்டியைத் திறந்தாள். அதில் மேலே விடும் இடத்துக்கு ஒரு கட்டமும் கீழே விடும் இடத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. அளவைப் பாயிண்ட் கணக்கில் ஓர் எண்ணாகக் கொடுத்தால் போதும். அந்த இடம் தலைப்புக்கே சொந்தமாகிவிடும். தலைப்பு எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கூடவே போகும். குவைத் வந்தாலும் பஹ்ரைன் வந்தாலும் அதற்கு ஒன்றும் இல்லை.

பிரிஜா இரண்டு கட்டத்திலும் பன்னிரண்டு என்று போட்டாள். ஒன்றுக்குக் கூட்டி ஒன்றுக்குக் குறைத்தால் யாராவது வந்து கேட்பார்களே என்ற பயம்.

"ரெண்டும் சமமாப் போட்டா கொள்ளாது," என்றாள் ஷைஜா. "நடுவுல நிக்குத தலைப்பு மேல உள்ளவங்களுக்கா, கீழ உள்ளவங்களுக்கான்னு தெரியாதே. மேல கூட்டிப் போடு, கீழ கொறச்சுப் போடு. அதுக்க ஆளுகள ஒட்டியே நிக்கட்டு."

பிரிஜா சிரித்துவிட்டாள். கொடிக்கு முன்னால் இடம். கொடிக்குப் பின்னால் ஒட்டினாற்போல் சொந்த ஆட்கள். ஊர் இதை எந்தக் கணினி வகுப்புக்கும் போகாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்ததால் சிரிப்பை இருமலாக்கினாள்.

பிறகு ஷைஜா ஸ்டைல் என்பதைக் காட்டினாள். பத்துத் தலைப்புக்கும் ஒரே ஸ்டைலைக் கொடுத்துவிட்டு, அந்த ஸ்டைலில் ஓரிடத்தில் அளவை மாற்றினால் பத்தும் மாறும். தலைப்பைத் தன் ஆட்களோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடும் அதற்குள்ளேயே இருந்தது. இனி எந்தக் கொடியும் பக்கத்தின் அடியில் தனியாக நிற்காது. பிரிஜா வீட்டுக்குப் போய் வெற்றுப் பத்திகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்து முடித்து, நம்பிக்கை வராமல், பெனினின் பழைய அடிக்கோலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தாள்.

"அதுக்கு என்ன, சட்டை தைக்கியா?" என்றாள் அம்மா.

அளந்தவை எல்லாம் ஒரே அளவு. அன்று அவள் சித்தியை நினைக்காமல் சாப்பிட்டாள்.

இரண்டாம் கூட்டத்துக்கு அவள் நகலும் லேப்டாப்புமாகப் போனாள். "எல்லாருக்கும் ஒரே எடம், அளந்து பாக்கலாம்," என்று அவளாகவே சொன்னாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. சொல்லி முடிப்பதற்குள் ஆன்ட்ரூஸ் எழுந்துவிட்டார்.

"ரீத்தாக்கு உண்டு. ஜெபதாசுக்கு உண்டு. எனக்கு எங்க?"

அவருடைய தலைப்பு இந்தத் தடவை ஒரு பக்கத்தின் முதல் வரியாக வந்திருந்தது. மேலே இடமே இல்லை. பக்கத்தின் தொடக்கத்தில் வந்து விழுந்த தலைப்புக்கு மேலே இடம் எதற்கு என்று கணினி தானாகவே விழுங்கிவிட்டிருந்தது. பிரிஜா தலைப்புக்கு மேலே வரி இருந்த இடங்களை மட்டும் அளந்தாளே தவிர, பக்கத்தின் தலையைப் பார்க்கவில்லை.

"எனக்க அப்பன் காலத்துல இருந்து தேருக்கு வடம் வாங்கிக் குடுக்க குடும்பம்," என்றார் ஆன்ட்ரூஸ். "கூரையில முட்டுக மாதிரி நிறுத்தியிருக்கா."

கபிரியேல் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு என்டர் தட்டி விடு மக்கா. சோலி முடியும்."

தட்டினால் முடியும்தான். விரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. ஆனால் ராஜமணி அந்தக் குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்துவார். முகமில்லாத இரண்டு பேர் ஆன்ட்ரூஸுக்கு முன்னால் நிற்பது தெரியும். அவர் கை மவுசுக்குப் போகும். சித்தி கதவைத் திறந்து, வா பிரிஜா சாப்பிட்டியா பஸ்ஸா ட்ரெயினா என்று தொடங்குவாள்.

"தட்ட மாட்டேன்," என்றாள் பிரிஜா.

அவள் அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

"மாமா, எடம் விடுகது முன்னால போற ஆளுக்காகத்தானே. ஒங்களுக்கு முன்னால ஆளே இல்லியே. பக்கத்துக்கு முதல் ஆளு நீங்கதான். பவனியில முதல் கொடிக்கு முன்னால யாராவது எடம் அளப்பாவளா?"

ஆன்ட்ரூஸ் தாளைக் கையில் எடுத்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தார்.

"முதல் கொடி," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது செரி. கொள்ளாம்."

பிரிஜா மூச்சுவிட்டாள். விட்ட மூச்சை முழுதாக எடுப்பதற்குள் ரீத்தா கேட்டாள்: "அப்ப நாங்க எதுக்கு இவருக்க காலுக்குக் கீழ நிக்கணும்? எங்களையும் முதல்ல போடு மக்களே."

"எங்களையும்," என்றார் ஜெபதாஸ். அவர் சத்தமாகப் பேசி யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஒரு நிமிடத்தில் பத்துப் பேரும் முதல் கொடி கேட்டார்கள். கபிரியேல் இரண்டு கையையும் தூக்கினார். "ஏலே, எல்லாவனும் முதல்ல நிக்க இது என்ன ரேசன் கடையா?"

"ஒரே பக்கத்துல நின்னாதானே சண்டை," என்றாள் ரீத்தா. "ஆளுக்கொரு பக்கம் குடுத்தா எல்லாரும் முதல்."

எல்லாரும் பிரிஜாவைப் பார்த்தார்கள். அவள் கணக்குப் போட்டாள். புத்தகம் மடித்துத் தைப்பதால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூட முடியும் என்று ராஜமணி சொல்லியிருந்தார். பத்துக்குப் பத்து, முன்னட்டை, பின்னட்டை. பன்னிரண்டு. திரும்பவும் கூட்டினாள். பன்னிரண்டேதான்.

தலைப்பு ஸ்டைலைத் திறந்து, இனித் தேவைப்படாத மேல் இடத்தைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்கட்டும் என்ற ஒரு கட்டத்தில் டிக் போட்டாள். பத்துக் கொடிகளும் யாரோ விசில் அடித்ததுபோல் ஒரே நேரத்தில் பக்கத்துக்குப் பக்கம் போய் முதல் வரியில் நின்றன. பல பக்கங்களில் கீழே பாதி வெறுமையாகக் கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின்னால் எவ்வளவு இடம் கிடந்தாலும் இந்த ஊருக்குக் கவலையில்லை.

எல்லாரும் போன பிறகு ஜெபதாஸ் மட்டும் கதவருகில் நின்றார்.

"ஒரு சின்னக் காரியம் மக்களே. சிலுவைதாசனும் சூசைதாசனும் அண்ணன் தம்பி. ஒரு வள்ளத்து இஞ்சின் காரியமாட்டு பேச்சுவார்த்த கிடையாது. நீ ரெண்டு பேரையும் அடுத்தடுத்து வச்சிருக்க."

"நடுவுல வேற ஒரு பேரப் போடட்டா?"

"போட்டா அவன் யாருக்க பக்கம்னு கேப்பாவ. நீ கொஞ்சம் எடம் மட்டும் விடு. பாத்தா தெரியப்பிடாது. அவனுவளுக்கு மட்டும் தெரியணும்."

பிரிஜா யோசித்து, சூசைதாசனின் பெயருக்கு மட்டும் மேலே ஆறு பாயிண்ட் கொடுத்தாள். ஒரு பெயருக்காக ஒழுங்கை மீறலாமா என்று ஷைஜாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கூடாது என்பாளோ என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை கபிரியேலும் அவளும் பென்டிரைவோடு அச்சகத்துக்குப் போனார்கள். ராஜமணி பைலைத் திறந்ததும் மவுசைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த அட்டைக் கட்டின் மேல் வைத்தார். விசைப்பலகையிலேயே ஏதோ இரண்டு மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினார். குறிகள் வந்தன. எழுத்து இருக்கிற வரிகளின் கடைசியில் மட்டும், ஒவ்வொன்றாக, அடக்கமாக. அவர் ஒவ்வொரு பக்கமாகக் கீழே தள்ளிக்கொண்டு போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரிஜா அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாளில் நின்றார். திரைக்குக் கிட்டே குனிந்தார்.

"இந்தப் பேருக்கு மேல மட்டும் எடம் கூடியிருக்கே."

அவர் கை அட்டைக் கட்டை நோக்கி நகர்ந்தது. பிரிஜாவுக்குச் சென்னை ரயிலின் ஊதல் கேட்டது.

"அது தப்பு இல்ல சார். வச்சதுதான்."

"என்டரா?"

"இல்ல. அந்தப் பேருக்கு மேல ஆறு பாயிண்ட். அண்ணனும் தம்பியும். பேச மாட்டாங்க."

கை நின்றது. ராஜமணி திரும்பிக் கபிரியேலைப் பார்த்தார்.

"இஞ்சின் கேசா?"

"ஓ, அதேதான்," என்றார் கபிரியேல்.

"அதுக்கு ஆறு போதுமா?" என்று பிரிஜாவிடம் கேட்டார். கேலியா என்று பார்த்தாள். இல்லை, உண்மையாகவே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒன்பதாம் நாளுக்குப் போனார், பத்தாம் நாளுக்குப் போனார், பின்னட்டைக்கு வந்தார். கை மடியிலேயே கிடந்தது.

அப்போது கபிரியேலின் செல்போன் அடித்தது. பேசியது ஆன்ட்ரூஸ். சத்தம் வெளியே கேட்டது. நேற்று வீட்டில் நகலைக் காட்டியதாகவும், முதல் கொடி என்றாலும் கோயில் வாசல்படியில் ஒட்டி நிற்காது, கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும் என்று வீட்டுக்காரி சொல்வதாகவும், யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான் என்றும், தனக்கு மட்டும் இறக்கினால் ரீத்தா விடமாட்டாள், பத்தையும் இறக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கபிரியேல் போனை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "பத்துத் தலைப்பையும் கொஞ்சம் கீழ எறக்கணுமாம்," என்றார்.

ராஜமணி கண்ணை மூடித் திறந்தார். "பத்துப் பக்கமும் தனித்தனியாட்டு நான் எறக்கவா?"

"தனித்தனியா வேண்டாம் சார்," என்றாள் பிரிஜா. "ஸ்டைல்ல ஒரு எடத்துல கூட்டினா போதும். புதுப் பக்கம்னு நாமளே சொல்லி வச்சிருக்கதால இப்ப அந்த எடத்த விழுங்காது. நேத்து வீட்டுல போட்டுப் பாத்தேன். ரெண்டு தடவ."

அவர் அவளையும் திரையையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"இரி."

அவள் உட்கார்ந்து மவுசை அட்டைக் கட்டிலிருந்து எடுத்தாள். ஓர் எண்ணை மாற்றினாள். பத்துத் தலைப்புகளும் வாசல்படியை விட்டுத் தள்ளி வந்து நின்றன. உடனே சந்தேகம் வந்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கபிரியேல் பொறுமையிழந்து பஸ் நேரம் சொன்னார்.

ராஜமணி அதற்குள் உள்ளே போய் இயந்திரத்தில் தாள் ஏற்றத் தொடங்கியிருந்தார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அதுல கல்யாணக் கார்டு ஒண்ணு கிடக்கு பாரு. முழுக்க என்டரு. அத ஒண்ணு சரியாக்கு."

"இப்பவா சார்?"

"பின்ன, மாப்பிளைக்குக் கொழந்த பொறந்த பொறவா?"

கபிரியேல் தனியாகத்தான் பஸ் ஏறினார்.